வைட்டமின் மாத்திரை: அட்டையில் இருப்பதும் வயிற்றுக்குப் போவதும் – கேள்வி பதில்

கேள்வி: கால்சியம், அயர்ன், பி காம்ப்ளெக்ஸ் எல்லாத்தையுமே எங்க வீட்டில் 'வைட்டமின் மாத்திரை'ன்னுதான் சொல்றோம். தப்பா மேடம்?

பதில்: வீட்டுப் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். டாக்டரிடம் மட்டும் பெயர் பிரித்துச் சொல்லுங்கள். வைட்டமின்கள் மொத்தம் 13: ஏ, சி, டி, ஈ, கே, அதோடு பி வகை எட்டு. கால்சியமும் இரும்பும் தாது உப்புகள். இரண்டையும் ஒரே வாயில் போட்டால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறு நல்ல துணை.

கேள்வி: பி3-க்கு அப்புறம் பி5, பி7-க்கு அப்புறம் பி9. பி4, பி8 எங்கே போச்சு?

பதில்: வைட்டமின் என்று நம்பி எண் கொடுத்தார்கள். உடம்பே தயாரித்துக்கொள்ளும் பொருள்கள் என்று பிறகு தெரிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய 'வைட்டமின் ஜி'தான் இன்றைய பி2. 'எச்' என்பது பயோட்டின், அதாவது பி7. பெயரிலேயே இப்படி ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. 1912-ல் காசிமிர் ஃபங்க் இவை எல்லாமே 'அமைன்' (நைட்ரஜன் உள்ள ஒரு வேதிப்பொருள்) வகை என்று எண்ணி 'வைட்டமைன்' என்றார். அப்படி இல்லை என்று ஆனதும், 1920-ல் ஜாக் டிரம்மண்ட் சொன்னபடி ஆங்கிலப் பெயரின் கடைசி எழுத்தான 'e'-யை வெட்டி 'வைட்டமின்' ஆக்கினார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு டாக்டர் எழுதின டி3 கேப்சூலில் 60,000னு போட்டிருக்கு. அட்டையில் இருந்த நாலையும் நாலே நாளில் முடிச்சிட்டாங்க. பயமா இருக்கு.

பதில்: அடுத்த அட்டை வாங்காமல் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நாலு கேப்சூலால் உடனே பெரிய கெடுதல் வருவது அபூர்வம். ஆனால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏறினால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

60,000 என்பது ஐ.யு. (சர்வதேச அலகு) கணக்கு. டி வைட்டமினில் 40 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம், ஆக மொத்தம் 1.5 மில்லிகிராம்தான். எடை சொற்பம், வேலை பெரிது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையே 600 முதல் 800 ஐ.யு. அதனால்தான் இதை வாரம் ஒன்று என்று, பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு எழுதுவார்கள். டி கொழுப்பில் கரைவது, மிஞ்சியது உடம்பில் தங்கிவிடும். வெறும் வயிற்றில் வேண்டாம். எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் போட்டு வைத்தால் இந்தக் குளறுபடி வராது.

கடையில் 'அதே டி3தான்' என்று கால்சிட்ரியால் கொடுத்தால் வாங்காதீர்கள். அது செயல்படும் நிலையிலேயே இருக்கும் மருந்து, 0.25 மைக்ரோகிராம் அளவில் வரும். கோலிகால்சிஃபெராலுக்கு (டி3-யின் வேதிப்பெயர்) பதில் அது ஆகாது.

கேள்வி: பி காம்ப்ளெக்ஸ் போட்டா சிறுநீர் பளிச்சுனு மஞ்சளா போகுதே?

பதில்: பி2-வின் நிறம். கெடுதல் இல்லை. ஆனால் 'மிஞ்சினால் வெளியே போய்விடும்' என்று இஷ்டத்துக்குப் போடக் கூடாது: பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் கைகால் மரத்துப்போகும்.

கேள்வி: அப்பா பல வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் போடறார், சுத்த சைவம். பாதம் மரத்துப்போகுது. பி12 வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். மெட்ஃபார்மின் நாள்பட பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். சர்க்கரையாலும் நரம்பு மரக்கும் என்பதால் முதலில் இரத்தத்தில் பி12 பாருங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு பார்த்தால் அளவு கூடித் தெரியும், காரணம் பிடிபடாது. ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கொடுப்பது இன்னும் மோசம்: இரத்தசோகை சரியானதுபோல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். சைவத்தில் பால், தயிர், மோர்தான் பி12-க்குக் கைகொடுக்கும். ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

கேள்வி: பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் சத்து அதிகம்னு சொல்றது நிஜமா?

பதில்: பி1 விஷயத்தில் நிஜம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; அதனால் தீட்டினாலும் முழுக்கப் போகாது. ஏழெட்டுத் தண்ணீரில் களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குத்தான். இரண்டு தண்ணீர் போதும்.