படையில் கற்ற தொழிலுக்குச் சிவில் வாழ்வில் மதிப்பு கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

தரைப்படையின் ஈ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியியல்) பிரிவில் 17 ஆண்டுகள் வாகன மெக்கானிக்காகப் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புடன் படையில் சேர்ந்த தமக்கு வழங்கப்பட்ட பட்டதாரிச் சமநிலைச் சான்றிதழைக் கொண்டு ஜூனியர் இன்ஜினியர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்பது ஒன்று; தனியார் நிறுவனங்களில் தமக்குக் காவலாளி வேலையே தரப்படுவது ஏன் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை, முடியாது என்பதே. பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டுகள் படைப்பணி முடித்தவரைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்ற மத்திய அரசின் விதி, ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்று கேட்கும் ‘சி’ பிரிவுப் பணியிடங்களுக்கு மட்டுமே உரியது. தொழில்நுட்பப் பணிகளுக்கு அது பொருந்தாது. ஜூனியர் இன்ஜினியர் பணி, பொறியியல் டிப்ளமாவையோ பட்டத்தையோ கேட்கிறது. ஏ.எம்.ஐ.இ. (இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும்) தேர்வு எழுதிப் பொறியாளராகிவிடலாம் என்று மூத்த தோழர்கள் சிலர் இன்றும் சொல்வதுண்டு. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே அது பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்பதால், அதை நம்பி இப்போது பணமும் காலமும் செலவிட வேண்டாம். டிப்ளமா முடித்து, அதன்வழியே பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதே உறுதியான பாதை.

இரண்டாவது கேள்வியே என்னை அதிகம் வருத்துகிறது. டீசல் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவரை வாயிற்கதவருகே நிறுத்துவது, அவருக்கு மட்டுமன்றி அந்த நிறுவனத்துக்கும் இழப்பு. ஆனால் ஆள் எடுப்பவர் டிஸ்சார்ஜ் புக்கை (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவேட்டை) படிக்கத் தெரிந்தவரல்லர். படை டிரேடுகளுக்கு (தொழிற்பிரிவுகளுக்கு) இணையான சிவில் தொழில்கள் எவை என்பது வகுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், செகந்திராபாத்தில் உள்ள ஈ.எம்.இ. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பயோடேட்டாவில் ‘வெஹிக்கிள் மெக்கானிக், 17 ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக், எஞ்சின் ஓவர்ஹால் ஆகியவற்றில் எவற்றைத் தனித்துச் செய்தீர்கள், பணிமனையில் எத்தனை பேரை மேற்பார்வையிட்டீர்கள், உதிரிபாகக் கணக்கைக் கையாண்டீர்களா, எந்த டிரேடு தேர்வில் எந்த வகுப்பில் தேறினீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். படைப்பிரிவு நின்ற இடம், போர்க்கருவிகளின் விவரம் ஆகியவை அதில் இடம்பெறக் கூடாது.

அரசுப் பணியே நோக்கமானால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் ‘சி’ பிரிவில் நேரடி நியமன இடங்களில் 10 விழுக்காடும், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு, இந்த 14.5-இல், ஊனமுற்ற படைவீரர்களுக்கும் போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தினருக்கும் உரிய 4.5 விழுக்காடும் அடங்கும். மத்திய அரசுப் பணிகளில், படைப்பணிக் காலத்தை வயதிலிருந்து கழித்து, மேலும் 3 ஆண்டுகள் தளர்வு தருவதால், வயதைப் பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது. பலர் இழப்பது வேறோர் இடத்தில். இந்த ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், அடுத்த பணிக்கு அதைக் கோர முடியாது. ஆனால் சேருவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த பணிகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, சேர்ந்தவுடன் அந்தப் பணிக்குரிய அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்தால், அப்பணிகளுக்கு ஒதுக்கீடு தொடரும். அந்தப் பட்டியலை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

‘வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை’ என்றும் கடிதத்தின் இறுதியில் எழுதியிருக்கிறீர்கள். வேலைப் பிரச்சினை தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒத்திவைக்க வேண்டாம். உடன் பணியாற்றி, உங்களுக்கு முன்பே ஓய்வுபெற்ற தோழர்களில் ஒருவரையாவது இந்த வாரம் நேரில் சந்தியுங்கள். வேலைக்கான பரிந்துரைகளும் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே வருகின்றன. தூக்கமின்மையும் சினமும் நீடித்தால், முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.