சீருடையைக் கழற்றும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கேள்வி: இலங்கை இராணுவத்தில் சார்ஜன்டாகப் பணிபுரிகிறேன். வயது 42. அடுத்த ஆண்டு 22 வருட சேவை நிறைவடைகிறது. இத்தனை காலமும் ஜெனரேட்டர், டீசல் எஞ்சின் திருத்தும் வேலைதான். ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணத்தில் கூட்டாக லொறி வாங்கலாம் என்கிறார் மைத்துனர். வெளிநாட்டில் பாதுகாப்பு வேலை எடுத்துத் தருவதாக ஒரு முகவரும் தொடர்ந்து அழைக்கிறார். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? – வாசகர், வெல்லம்பிட்டி

பதில்: லொறியையும் முகவரையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுதான் இப்போது பெரிய சொத்து. படைக்குள் உங்கள் கைத்திறன் எல்லோருக்கும் தெரியும். சீருடைக் கையில் உள்ள மூன்று சார்ஜன்ட் பட்டிகளே போதும். வெளியே வந்துவிட்டால் எதையும் காகிதத்தில் காட்டியாக வேண்டும். அந்தக் காகிதங்களைச் சேவையில் இருக்கும்போது கேட்டு வாங்குவது எளிது. விலகிய பிறகு ஒரு கடிதத்துக்காக முகாம் வாசலில் அனுமதி கேட்டு நிற்க நேரிடும்.

முதலில் பெயரைப் பாருங்கள். தமிழ் பேசும் படையினரின் கோப்புகளில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல் இதுதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில், சேவைக் கோப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முன்னெழுத்து மட்டும். மனைவியின் பெயர் விவாகச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் கோரும் நாளில்தான் வெளிப்படும். அப்போது அலைபவர் நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. ஆகவே அடுத்த விடுமுறையிலேயே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் கோப்பில் பதிவாகியிருக்கின்றனவா என்றும் கேளுங்கள். திருத்தம் பதிவாளர் மூலம் செய்ய வேண்டியதா, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தால் போதுமா என்பதை உங்கள் படையணியின் ஆவணப் பிரிவிலும் மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களத்திலும் விசாரியுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவக் கோப்பும் அவ்வளவு முக்கியம். பல வருடம் ஜெனரேட்டர் இரைச்சலில் நின்றவர் நீங்கள். காது மந்தமாக இருந்தால், முதுகு வலித்தால், பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். இப்போதே பரிசோதித்துப் பதியுங்கள். பதிவில் இல்லாத காயத்தை, சேவையில் ஏற்பட்டது என்று பின்னர் நிறுவுவது மிகக் கடினம்.

அடுத்தது தொழில். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது நினைவிருக்கும்: 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பது. அப்படியானால் உங்களைப் போல் வெளியேறும் பலர் ஒரே காவலாளி வேலைக்கு விண்ணப்பிப்பார்கள். நீங்கள் அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை. கையில் தொழில் இருக்கிறது, அதற்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுங்கள். என்.வி.கியூ. என்றால் எல்லோருக்கும் புரியும். புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கற்ற தொழிலை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஆர்.பி.எல். முறை இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் உங்களை வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்த வேலைக்கு ஆதாரமும் கேட்பார். இங்கேதான் படையினர் தடுமாறுகிறார்கள், முகாமுக்குள் நினைத்தபடி படம் எடுக்க முடியாதே! அதனால் உங்கள் பணிமனை அதிகாரியிடம் விவரமான கடிதம் கேளுங்கள். ‘நன்னடத்தை உடையவர், திறமையானவர்’ என்ற வழக்கமான இரண்டு வரி போதாது. எந்தக் கொள்திறன் கொண்ட ஜெனரேட்டர்கள், எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கோர்த்தீர்களா, மின்பகுதியையும் பார்த்தீர்களா, உங்கள் கீழ் எத்தனை பேர், எத்தனை வருடம் என்று இருக்க வேண்டும். கொழும்பில் வைத்தியசாலை, ஹோட்டல், மாடிக் குடியிருப்பு எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் இருக்கிறது. அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் புரியும்.

தனியார் நிறுவனத்தில் சேரும்போது, “உங்களுக்குத்தான் ஓய்வூதியம் வருகிறதே, சேமலாப நிதி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், தொழில் வழங்குநரின் பங்கு 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் தரும் 3 சதவீதம் வேறு. உங்கள் 42 வயதுக்கு இது சிறு தொகை அல்ல.

இனி லொறி. ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். இப்போது கைக்கு வரும் கொடுப்பனவுகள் பல நின்றுவிடும், முகாமில் சாப்பிட்ட சாப்பாடும் இனி வீட்டுச் செலவுதான். வரப்போகும் தொகையை இப்போதே கேட்டறிந்து, சில மாதங்களாவது அந்தத் தொகைக்குள் குடும்பம் நடத்திப் பாருங்கள். அதற்கு முன் மைத்துனருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மொத்தமாக வரும் பணத்தை முதல் வருடம் நிலையான வைப்பில் போடுங்கள். அனுமதி பெற்ற வங்கி மூடப்பட்டாலும் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி உண்டு. ஒரு வருடம் கழித்தும் லொறிதான் சரி என்று தோன்றினால், பதிவு யார் பெயரில், லீசிங் தவணை தவறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் முடித்த பிறகு இறங்குங்கள். மைத்துனரானால் என்ன, எழுத்து எழுத்துத்தான். உறவு முறியாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

முகவர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஓய்வு பெற்ற நம் படையினர் பலர் நல்ல சம்பளம், பின்களப் பணி என்ற பேச்சை நம்பி ரஷ்ய – உக்ரைன் போர்முனைக்குக் கொண்டுபோகப்பட்டது 2024இல் வெளியே வந்தது. சிலர் உயிரோடு திரும்பவில்லை. உங்களை அழைப்பவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தையும், நிறுவனத்தின் பெயர் உள்ள ஒப்பந்தத்தையும் கேளுங்கள். அந்த இலக்கத்தைப் பத்தரமுல்லையில் உள்ள பணியகத்திலேயே சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். கடவுச்சீட்டை எந்தக் காரணம் சொன்னாலும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.