மினிடிஸ்க் பிளேயர்: கேட்டவையும் சொன்னவையும்

சோனியின் கையடக்க மினிடிஸ்க் பிளேயர்களைப் பற்றியும், அவற்றின் தலையில் கட்டப்பட்ட சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருளைப் பற்றியும் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. பாட்டுக் கேட்கவும் கச்சேரி பதிவு செய்யவும் பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளைத்தான் வைத்திருக்கிறேன். அதனால் கருவி மீது பாசமும் மென்பொருள் மீது கடுப்பும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கேள்வி: அண்ணா, நான் பிறந்ததே 2003-இல். மினிடிஸ்க் என்றால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்த குட்டி சிடிதானே?

பதில்: பார்க்க அப்படித்தான் இருக்கும் தம்பி. கடையில் பாட்டோடு விற்ற டிஸ்க்குகள் உண்மையிலேயே சிடி மாதிரி குழிகள் அச்சடித்தவைதான். ஆனால் நாம் பதிவு செய்கிற டிஸ்க் வேறு ரகம். கீழே இருக்கும் லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்கும். சூடேறியதும் அந்த இடம் பழைய காந்தத் திசையை விட்டுவிடும். மேலே தொட்டுக்கொண்டிருக்கும் காந்தத் தலை அந்தக் கணமே புதிய திசையை எழுதிவிடும். ஆறிய பிறகு சாதாரணக் காந்தம் எதுவும் அதை அசைக்காது. சிடி-ஆர் மாதிரி ஒரு தடவையோடு முடிகிற கதை இல்லை. பத்து லட்சம் முறை வரை அழித்து எழுதலாம் என்று சோனி சொன்னது. அவ்வளவு தூரம் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது.

உள்ளே இருக்கும் தட்டு 64 மில்லிமீட்டர்தான். அதில் 74 நிமிடம் அடங்கக் காரணம் அட்ராக் என்ற சுருக்க முறை. சிடியின் தரவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக்கிவிடும். 1992 நவம்பரில் ஜப்பானில் இது கடைக்கு வந்தபோது எம்பி3 என்ற பெயரே யாருக்கும் தெரியாது.

கேள்வி: இன்றைக்குப் போய் இதை வாங்குவது புத்திசாலித்தனமா? வாங்கினால் எந்த மாடல்?

பதில்: பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். பட்டன்களை அழுத்தி, மூடியைத் திறந்து, ஓர் ஆல்பத்தை முழுசாகக் கேட்கிற பழக்கம் பிடிக்கும் என்றாலோ, மைக் செருகிப் பதிவு செய்ய ஆசை என்றாலோ வாங்கலாம்.

முதல் கருவியாக எடுப்பவருக்கு நான் சொல்வது, நெட்எம்டி என்று பொறித்த ஒரு சோனி. அதாவது யுஎஸ்பி துளை உள்ளது. எம்இசட்-என்505 எளிமையானது. ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும், ஆனால் மைக் துளை கிடையாது. பதிவு முக்கியம் என்றால் மைக் துளை இருக்கிறதா என்று படத்திலேயே பார்த்துவிடுங்கள். யுஎஸ்பி இல்லாத பழைய எம்இசட்-ஆர் வரிசையும் அருமையானதுதான். உலோக உடம்பு, கையில் எடுத்தால் ஒரு கனம். ஆனால் அதில் எல்லாம் ஒலி ஓடும் நேரத்துக்கே பதிவாகும். ஒரு மணி நேரப் பாட்டு ஏற ஒரு மணி நேரம் ஆகும்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூடவே வரும் அடாப்டர் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கானது. அதை நம்ம ஊர் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் வரும்.

கேள்வி: சோனிக்ஸ்டேஜ் என்றாலே எல்லோரும் ஏன் இப்படித் திட்டுகிறார்கள்? என்ன அப்படிப் பெரிய குற்றம்?

பதில்: திட்டுவதற்கு நியாயம் இருக்கிறது. 2001 கடைசியில் எம்இசட்-என்1 வந்தது. கணினியிலிருந்து யுஎஸ்பி வழியே பாட்டு ஏற்றலாம், எல்பி4 என்ற அதிகம் சுருக்கும் முறையில் 32 மடங்கு வேகம் வரை என்றார்கள். கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் திறக்கும் சாவி மட்டும் மென்பொருளிடம் இருந்தது. முதலில் ஓப்பன்எம்ஜி ஜூக்பாக்ஸ், அப்புறம் சோனிக்ஸ்டேஜ்.

உங்களிடம் ஓர் எம்பி3 இருக்கிறது என்று வையுங்கள். அதை அப்படியே ஏற்ற முடியாது. அட்ராக்கின் அடுத்த வடிவமான அட்ராக்3-ஆக மாற்றி, பூட்டுப் போட்டுத்தான் டிஸ்க்குக்கு அனுப்பும். ஒரு பாட்டை மூன்று டிஸ்க்குக்கு அனுப்பலாம், அதற்குப் பெயர் செக்-அவுட். நாலாவது டிஸ்க்குக்கு வேண்டுமென்றால் முன்பு அனுப்பிய டிஸ்க்கைச் செருகி, அதே கணினியில் செக்-இன் செய்து கணக்கை நேர் செய்ய வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சிடியிலிருந்து எடுத்த பாட்டுக்கும் இதே கணக்குதான். விண்டோஸை மறுபடி நிறுவினால் சாவி போய்விடும், பாட்டுக் கோப்புகள் இருந்தும் பாடாது. டிஸ்க்கில் அந்தப் பாட்டைப் பிளேயரிலேயே வெட்டலாம், ஒட்டலாம் என்று போனால் திரையில் ‘டிராக் புரொடெக்ட்’ என்று வந்து நிற்கும்.

இதையெல்லாம் விட எனக்குக் கடுப்பு ஏற்றுவது வேறு. மைக் வைத்து நாமே பதிவு செய்த நம் குரலை, அதே யுஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு எடுக்க நெட்எம்டியில் வழியே வைக்கவில்லை. ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் போட்டு, ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கம்பி இருக்கிறது, தரவு இருக்கிறது, அனுமதி மட்டும் இல்லை. 1988-இல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கியதிலிருந்து சோனி இசைத்தட்டு வியாபாரத்திலும் பெரிய ஆள். கருவி செய்கிற சோனி ஒன்று நினைக்க, பாட்டு விற்கிற சோனி அதற்குக் குறுக்கே நின்றது என்பதுதான் என் கணிப்பு.

நியாயமாகச் சொன்னால், கடைசியில் வந்த 4.3 பதிப்பு அவ்வளவு மோசமில்லை. பல கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. அதற்குள் ஆட்கள் ஐபாடுக்குப் போய்விட்டார்கள்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 11. சோனிக்ஸ்டேஜை நிறுவப் பார்த்தேன், பிளேயரை அடையாளமே காணவில்லை. என்ன செய்வது?

பதில்: அதை விட்டுத் தள்ளுங்கள். நெட்எம்டிக்கு 64-பிட் விண்டோஸ் டிரைவரைச் சோனி தரவே இல்லை. ஆர்வலர்கள் ‘வெப் மினிடிஸ்க்’ என்று ஒன்று எழுதியிருக்கிறார்கள், அதன் விரிந்த வடிவம் ‘வெப் மினிடிஸ்க் புரோ’. நிறுவ ஒன்றுமில்லை. குரோம் அல்லது எட்ஜ் பிரௌசரில் பக்கத்தைத் திறந்து, பிளேயரைச் செருகி, பாட்டுகளை இழுத்துப் போட்டால் ஏறும். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் வேலை செய்யாது. விண்டோஸில் மட்டும் ஒரு முன்வேலை உண்டு. ஜாடிக் என்ற சின்ன நிரலைக் கொண்டு அந்தப் பிளேயருக்கு வின்யுஎஸ்பி டிரைவரை மாட்ட வேண்டும். மேக்கில் அதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் போட்டுக்கூட ஏற்றலாம்.

கேள்வி: எஸ்பியா, எல்பி2-வா, எல்பி4-ஆ?

பதில்: எஸ்பி என்பது வழக்கமான பதிவு முறை. எல்பி2-இல் இரண்டு மடங்கு நேரம் அடங்கும், எல்பி4-இல் நாலு மடங்கு, தரம் அதற்கேற்ப இறங்கும். பாட்டுக்கு எஸ்பி. பயணத்துக்கு எல்பி2. எல்பி4-இல் சொற்பொழிவு கேட்கலாம், ஜால்ரா சத்தம் வந்தால் தண்ணீருக்குள் கேட்பது போல் இருக்கும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சோனிக்ஸ்டேஜ் வழியே நெட்எம்டிக்கு எஸ்பி என்று ஏற்றியவை உள்ளுக்குள் எல்பி2 தரம்தான். உறை மட்டும் எஸ்பி. வெப் மினிடிஸ்க்கில் எஸ்பி கொடுத்தால் ஒலியைச் சுருக்குவது பிளேயரின் சிப்பேதான். நேரம் ஆகும், ஆனால் அசல் எஸ்பி.

கேள்வி: ஐயா, என் தகப்பனார் சபாக் கச்சேரிகளை மினிடிஸ்க்கில் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அவர் இப்போது இல்லை. கணினிக்கு மாற்ற எது நல்ல வழி?

பதில்: முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலும் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளித் துளை தெரியும்படி வையுங்கள். அதன் பிறகு யார் கை தவறிப் பட்டாலும் அழியாது. மீதி வேலையை அவசரமில்லாமல் செய்யலாம்.

சுலபமான வழி எம்இசட்-ஆர்எச்1. 2006-இல் வந்தது. பழைய மினிடிஸ்க் பதிவுகளையும் யுஎஸ்பி வழியே கணினிக்குத் தரச் சோனி அனுமதித்த ஒரே கருவி இதுதான், அமெரிக்காவில் எம்200 என்ற பெயரில் விற்றார்கள். அதனாலேயே விலை எகிறிக் கிடக்கிறது. தெரிந்தவரிடம் இரவல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது வழி, சோனி நெட்எம்டி பிளேயர் ஒன்றும் வெப் மினிடிஸ்க் புரோவின் ‘ஹோம்புரூ’ பகுதியும். பிளேயருக்குள் ஓடும் நிரலையே ஏமாற்றி, டிஸ்க்கில் உள்ள அட்ராக் தரவை அப்படியே வெளியே எடுக்கிறார்கள். சோனி மூடி வைத்த கதவு இத்தனை வருடம் கழித்து இப்படித் திறந்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று முதலில் முக்கியமில்லாத டிஸ்க்கில் பாருங்கள். வருகிற கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று நிரல் மூலம் வேவ் ஒலிக்கோப்பாக்கிக் கேளுங்கள்.

மூன்றாவது, வீட்டு மினிடிஸ்க் டெக். அதில் ஆப்டிக்கல் வெளியீடு, அதாவது ஒலியை டிஜிட்டலாகவே ஒளிக்கம்பியில் அனுப்பும் துளை, இருக்கும். கணினிக்கு ஆப்டிக்கல் உள்ளீடு இருந்தால் நடுவில் ஒலித்தரம் குறையாது. என்ன, மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். தகப்பனார் பதிவு என்கிறீர்கள், கேட்டுக்கொண்டே செய்யலாமே.

ஒரு குறிப்பு. டிஸ்க்குக்கு மேல் ‘மோனோ’ என்று எழுதியிருந்தால் வியக்க வேண்டாம். மோனோவில் நேரம் இரட்டிப்பாகும், 74 நிமிட டிஸ்க்கில் 148 நிமிடம். நீண்ட கச்சேரியை நடுவில் டிஸ்க் மாற்றாமல் பிடிக்கப் பலர் அப்படிச் செய்தார்கள்.

கேள்வி: பதிவு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். திரும்பப் போட்டால் ‘பிளாங்க் டிஸ்க்’ என்கிறது. எல்லாம் போச்சா?

பதில்: ஒலி அங்கேயேதான் இருக்கிறது, அட்டவணைதான் இல்லை. மினிடிஸ்க்கில் எந்தப் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் தனி இடத்தில் இருக்கும், யூடாக் என்பார்கள். நிறுத்து பட்டனை அழுத்திய பிறகுதான் அது எழுதப்படும். திரையில் ‘டாக் எடிட்’ அல்லது ‘டேட்டா சேவ்’ என்று மின்னும் அந்தச் சில நொடிகள் அதற்கானவை. அப்போது ஆட்டக்கூடக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது, அந்த டிஸ்க்கில் எதையும் பதிவு செய்யாமல் எடுத்து வைப்பது. மேலே சொன்ன ஹோம்புரூ பகுதியில் அட்டவணையைத் திருத்தும் வசதியும் இருக்கிறது. டிஸ்க் முழுக்க ஒரே பாட்டு என்று எழுதிவிட்டால், உங்கள் பதிவு அதற்குள் வெளிப்படும். பழைய பதிவின் மிச்சங்களும் கலந்து வரலாம். பொறுமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டு நன்றாகப் பாடுகிறது, ஆனால் பதிவு மட்டும் ஆகவில்லை. விற்றவர் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றுதான் கொடுத்தார்.

பதில்: பாடிக் காட்டிவிட்டு விற்றிருப்பார். பாட லேசர் மட்டும் போதும், பதிவுக்குக் காந்தத் தலையும் வேண்டும். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல்பக்கம் தகடு போல மெல்லிய கை ஒன்று நீண்டு, அதன் நுனியில் நகக்கண் அளவு கறுப்புத் துண்டு இருக்கும். பதிவின்போது இந்தக் கை இறங்கி டிஸ்க்கின் முதுகைத் தொடும். சிக்கிய டிஸ்க்கை யாராவது பலவந்தமாக இழுத்திருந்தால் இது வளைந்திருக்கும், அல்லது அதற்குப் போகும் மெல்லிய ரிப்பன் அறுந்திருக்கும். வளைந்ததைக் கைதேர்ந்தவர் நிமிர்த்தலாம். அறுந்தால் இன்னொரு செத்த பிளேயரிலிருந்து எடுத்துத்தான் மாட்ட வேண்டும். இனி வாங்கும்போது, ஒரு நிமிடம் பதிவு செய்து அதையே திரும்பப் பாடவிட்ட வீடியோ கேளுங்கள்.

கேள்வி: சூயிங்கம் வடிவ பேட்டரி செத்துவிட்டது. வழி?

பதில்: என்எச்-14டபிள்யூஎம் ரகம். வேறு கம்பெனிகள் செய்த புதியவை கிடைக்கின்றன. உறையில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்ப வேண்டாம். அதுவரை, பக்கவாட்டில் திருகி மாட்டும் ஏஏ பெட்டி இருந்தால் அதுவே போதும். பழைய ஏஏ கசிந்து பச்சைப் பிடித்த முனைகளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

கேள்வி: ஹை-எம்டி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

பதில்: பாதி உண்மை. ஹை-எம்டி மினிடிஸ்க்கின் அடுத்த தலைமுறை. 2004-இல் வந்தது, 1 ஜிபி டிஸ்க், சுருக்காத பிசிஎம் ஒலியே 94 நிமிடம் அடங்கும். களப்பதிவுக்கு அந்த விலையில் அப்போது வேறொன்று இல்லை. சாதாரண 80 நிமிட டிஸ்க்கையும் ஹை-எம்டியாக மாற்றி 305 எம்பி பெறலாம், ஆனால் மாற்றிய டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் படிக்காது. எம்இசட்-ஆர்எச்10-இல் எம்பி3 நேரடியாகவே பாடும், ஆனால் அதன் ஓஎல்இடி திரை மங்கிப்போவது பிரசித்தம். இருட்டறையில் எடுத்த படத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் உஷார்.

கேள்வி: பாட்டுப் பெயரைத் தமிழில் போடலாமா?

பதில்: முடியாது. ஆங்கில எழுத்தும் ஜப்பானிய எழுத்தும்தான். ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மொத்த டிஸ்க்குக்கும் சுமார் 1,700 எழுத்துகள்தான் இடம். ராகம், தாளம், பாடியவர், பக்கவாத்தியம் என்று எல்லாவற்றையும் நுழைக்கப் பார்க்காதீர்கள். அதற்கு டிஸ்க் மேல் ஒட்டும் லேபிள் இருக்கிறது, அதில் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

கேள்வி: காலி டிஸ்க் இன்னும் தயாராகிறதா?

பதில்: 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றுவதே ஏராளம். பழையது வாங்கும்போது உலோக ஷட்டர் தடையில்லாமல் நகர்கிறதா, கூடு விரிசல் விடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சீல் பிரிக்காத டிஸ்க் என்று மும்மடங்கு விலை சொல்பவரிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒருமுறை அழித்தெழுதினால் பயன்படுத்திய டிஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்யும்.