தற்காப்புக் கலை கற்றால் ஆபத்தில் கைகொடுக்குமா?

"சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள் மாலையில் கூட்டமான பேருந்தில் வந்து, புதிய பேருந்து நிலையத்தில் வண்டி மாறி வீடு திரும்புகிறாள். அவளைக் கராத்தே அல்லது சிலம்பம் வகுப்பில் சேர்த்தால் தற்காப்புக்கு உண்மையிலேயே உதவுமா, ஆறு மாதப் பயிற்சி போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். ஆனால் எந்தக் கலை என்பதைவிட, அதை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே உதவும். சேலம் குகைப் பகுதியில் சிறுவயதில் சிலம்பமும் பின்னர் ஜூடோவும் பழகி, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித்தருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மணிக்கட்டை ஒருவன் பிடித்துக்கொண்டால் விடுவித்துக்கொள்வது பல வகுப்புகளில் தொடக்கத்திலேயே கற்றுத்தரப்படும் உத்தி. பிடித்தவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனமான பகுதி என்பதால், நம் கையை அந்த இடைவெளியை நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்பின் எடையோடு வெடுக்கென்று இழுக்க வேண்டும். பிடித்திருக்கும் தோழி சிரித்துக்கொண்டே தளர்வாகப் பிடித்திருக்கும்வரை எல்லோருக்கும் இது முதல் தடவையிலேயே வந்துவிடுகிறது. அதே பிள்ளையை, அவளைவிடப் பதினைந்து கிலோ எடை கூடிய ஒருவர் இறுகப் பிடித்து, கூடவே தன் பக்கம் இழுக்கவும் செய்தால், கற்றதெல்லாம் மறந்து கையை நேராகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்பாள். காலை அகற்றி ஊன்றிக்கொள்ள வேண்டும், பிடி இறுகுவதற்கு முன்பே அசைய வேண்டும், ஒரு முயற்சி தோற்றால் நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பவையெல்லாம் இந்த இழுபறியில்தான் உடம்பில் ஏறுகின்றன. வகுப்பில் இந்த இழுபறி இல்லையென்றால் அங்கே கிடைப்பது உடற்பயிற்சி மட்டுமே. அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

1882இல் ஜப்பானில் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார். ஜூடோவுக்கு மூலமான ஜுஜுத்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த ஆபத்தான உத்திகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டதால், மாணவர்கள் ஒருவரோடொருவர் முழு பலத்துடன் மோதிப் பழக முடிந்தது. கண்ணைக் குத்துவதையும் குரல்வளையை நசுக்குவதையும் காற்றில் மட்டும் செய்து பார்த்தவரைவிட, சாதாரணமான நான்கு வீழ்த்தல்களை எதிர்ப்புக்கு நடுவே தினமும் செய்து பார்த்தவர் தெருவில் நிதானமாக இருப்பார் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆபத்து நேரும்போது இதயம் படபடக்கும், விரல்கள் நடுங்கும், பார்வை குறுகும். கட்டாவில், அதாவது வரிசை மாறாமல் செய்து பழகும் அசைவுத் தொடரில், மனப்பாடம் செய்த நுணுக்கமான அசைவுகள் அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஜூடோவிலிருந்து எனக்கு அதிகம் பயன்பட்டது, விழும் முறை. தாடையை மார்போடு ஒட்டவைத்து, பின்மண்டை தரையில் மோதாதபடி, முன்னங்கையால் தரையை அறைந்து விழக் கற்றுக்கொண்டால் அது ஆயுளுக்கும் உதவும். இருசக்கர வாகனத்தில் வந்து சங்கிலி பறிப்பவனிடம் எந்தக் கலையும் செல்லுபடியாகாது, ஏனென்றால் அவன் நின்று சண்டை போடுவதில்லை. அங்கே பெரிய ஆபத்து, இழுபட்டுத் தார்ச்சாலையில் தலை மோத விழுவதுதான்.

கூட்டமான பேருந்தில் உரசுபவனிடமோ கைகால் வீச இடமே இருக்காது. அங்கே வேண்டியது குரல். கராத்தே வகுப்பில் ஒவ்வொரு குத்துக்கும் கத்த வைப்பார்கள். முதல் மாதத்தில் வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் பிள்ளைகள், மூன்றாம் மாதத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்புவார்கள். "கையை எடு" என்று பேருந்து முழுவதும் கேட்கும்படி சொல்ல முடிவது, எந்தப் பெல்ட்டையும்விடப் பெரியது என்பது என் எண்ணம்.

சிலம்பத்தைப் பற்றி நான் சொன்னால் பற்று இருக்கத்தான் செய்யும். அது தரும் காலடியும், எதிரிக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கமும் வெறுங்கையோடு நிற்கும்போதும் உதவும். ஆனால் புருவம் உயரக் கம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் கல்லூரிக்குப் போவதில்லை. (தெருநாய்களுக்கும், ஏற்காட்டில் கைப்பையைப் பறிக்க வரும் குரங்குகளுக்கும் கம்பு பிடிக்கத் தெரிந்தவரிடம் தனி மரியாதை உண்டு.) 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதனால் கலைக்குப் பெருமைதான். ஆனால் ஆடிப் பண்டிகையில் கம்பு சுற்றி ஆடுவதற்கும், பதக்கம் வாங்குவதற்கும், தற்காப்புக்கும் வேண்டிய பயிற்சிகள் வெவ்வேறானவை. உங்களுக்கு எது வேண்டும் என்பதை வாத்தியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளி ஆண்டுவிழாக்களில் கத்தியைப் பறித்துக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். மேடையில் கத்தி பிடித்தவன் கையை நீட்டியபடியே காத்திருப்பான். உண்மையில் குத்துபவன் கையை உடனே பின்னுக்கு இழுத்து மீண்டும் மீண்டும் குத்துவான். கத்தியைக் காட்டிப் பணமோ கைபேசியோ கேட்டால் கொடுத்துவிட்டு ஓடுவதே பயிற்சி பெற்றவர்களும் செய்ய வேண்டியது. மூடிய முட்டியால் மண்டையில் குத்தினாலும் பெரும்பாலும் நம் சுண்டுவிரல் பக்கத்துக் கையெலும்புதான் முறியும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு வரம்பும் விதிக்கிறது. விழுந்து கிடப்பவனை மேலும் உதைத்தால் வழக்கு நம் மீது திரும்பக்கூடும். தப்பிய உடனே வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் கடைக்குள் நுழைந்து 112ஐ அழைக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் பிடியை விடுவிப்பது, விழுவது, கத்துவது, ஓரிரு அடிகள், விலகி ஓடுவது ஆகியவை படியும். அதன் பிறகு தொடராவிட்டால் மங்கிப்போகும். சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை முழுவதும் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை கட்டணம் வாங்கிப் பெல்ட் நிறத்தை மாற்றுவதிலேயே குறியாக இருக்கிறார்களா, பாய் விரித்து விழக் கற்றுத்தருகிறார்களா என்பது தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளைத் தங்களுக்குள் மட்டுமே பழகவிடும் வகுப்பென்றால், எடை கூடிய ஒருவரோடு, ஆசிரியர் அருகில் இருக்கும்போது, முழு எதிர்ப்புடன் பழக ஏற்பாடு உண்டா என்று மாஸ்டரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.