பதில்: ஸ்கோப்பஸில் இரண்டாகப் பிரிந்த பெயரும் என்.ஆர்.எஃப் விண்ணப்பமும்

வணக்கம் அக்கா. டர்பனில் மருந்து வேதியியல் செய்கிறீர்கள். கூகுள் ஸ்காலரில் எச்-குறியீடு (எத்தனை கட்டுரைகள் தலா அத்தனை மேற்கோளாவது பெற்றன என்ற எண்) 19, ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 11, அதிலேயே இன்னொரு பெயரில் 7 என்றும், தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆய்வு அறக்கட்டளையான என்.ஆர்.எஃப்-இன் தரமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்பா பெயர் ஒரு கட்டுரையில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் குடும்பப் பெயராகவும் போனதால் வந்த வினை இது. நம்மவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான்.

முதலில் இரண்டு பட்டியலையும் வரிவரியாகப் பாருங்கள். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை கலந்திருந்தால் அதை நீக்க ஸ்கோப்பஸிடம் சொல்லிவிட்டு, பிறகே இரண்டையும் இணைக்கக் கோருங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் அதோடு பிணையுங்கள். திருத்தம் ஏறச் சில வாரம் ஆகலாம், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

11உம் 7உம் சேர்ந்து 18 ஆகாது. தலா 12 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் மொத்தம் 12 இருந்தால்தான் இணைத்த பிறகு எச்-குறியீடு 12. ஆய்வேடு, முன்வரைவு (இதழில் வருமுன் இணையத்தில் இட்ட கட்டுரை), காப்புரிமை எல்லாவற்றையும் ஸ்காலர் எண்ணுவதால் அங்கே 19 காட்டுகிறது.

என்.ஆர்.எஃப் தரமதிப்பீட்டுக்கு இந்த எண் மட்டும் போதாது. மதிப்பீட்டாளர்கள் முக்கியமாகக் கடந்த 8 ஆண்டு வேலையின் தரத்தைப் பார்ப்பார்கள். மேற்கோள் குவிந்தது பிறர் ஆய்வுகளை அலசும் மீள்பார்வைக் கட்டுரையிலா, நீங்களே ஆய்வகத்தில் தொகுத்த (உருவாக்கிய) சேர்மங்களிலா என்று பிரித்து எழுதுங்கள். பல ஆசிரியர் கட்டுரையில் சேர்மத் தொகுப்பு, என்.எம்.ஆர் (சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் சோதனை), நொதிச் சோதனை இவற்றில் உங்கள் கை எது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த வரிக்குத்தான் கனம் அதிகம்.