15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் சிங்கப்பூரில் கட்டாயம் மரண தண்டனைதானா?

முன்பு ஆம், நீதிபதிக்கு வேறு வழியே இல்லாமல் இருந்தது. 2013 முதல் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. பொட்டலத்தின் எடையல்ல, அதிலுள்ள தூய டயமார்ஃபினின் (ஹெராயினின் வேதிப்பெயர்) எடையே 15 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

குற்றவாளி வெறுமனே சரக்கைச் சுமந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். கூடவே, கடத்தலை முறியடிக்க மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தர வேண்டும். அப்போது நீதிபதி ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். சுமந்தவருக்கு, பொறுப்பைப் பெரிதும் குறைக்கும் மனநலக் கோளாறு இருந்தால் ஆயுள் தண்டனைதான்.

என்னை உறுத்துவது அந்தச் சான்றிதழ். யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத கடைநிலை ஆள் எதைச் சொல்லி உதவுவார்?