பிடித்த இசை இரட்டையருக்கான இணைய ரசிகர் குழுவில் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம்?

என்னுடைய இரட்டையர் விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அவர்களுக்கான முகநூல் குழு ஒன்றில் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறேன். அதற்கு முந்தைய மாதக் கடைசியில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் கொடுத்து, ஆளுக்கு 60 பொற்காசுகளும் ஒரு காரும் வழங்கினார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் இரண்டு பெரியவர்கள். எம்.எஸ்.வி.யை, அதாவது விஸ்வநாதனை, பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரின் பெயரை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், முகத்தை அன்றுதான் நின்று பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகளில் அத்தனை பாட்டு இவருடையதும்தானே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த சில நாட்களில் தேடிப்பிடித்துக் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த கையோடு 1962-ல் வந்த ஒரு படத்தின் பாட்டைப் பகிர்ந்து, கீழே 'இசை: எம்.எஸ்.வி.' என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரியவர் பதில் எழுதினார். திட்டவில்லை. தன்னிடம் இருந்த அதே பாட்டின் இசைத்தட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். நடுவே ஒட்டியிருந்த தாளின் ஓரம் மஞ்சளடித்திருந்தது. எப்போதோ அதை வைத்திருந்த யாரோ நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மைக்கு அடியில் இரண்டு பெயர்களும் சின்னதாக அச்சாகி இருந்தன. 'தம்பி, இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இருக்கிறது பாருங்கள். அந்தக் கோட்டையும் சேர்த்து எழுதுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

எங்கள் குழு எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதற்காக. 1952-ல் 'பணம்' படத்தில் சேர்ந்தவர்கள் 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டமே 1963-ல் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதுதான். பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி தனியாகச் செய்தவை இருபதைக்கூட எட்டவில்லை. அதனால் நாளாக நாளாக அந்தப் பதின்மூன்று வருடப் பாட்டுகளும் ஒரே பெயரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன. யூடியூபில் பாருங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பாருங்கள், பாதி இடத்தில் 'எம்.எஸ்.வி. இசை' என்றுதான் இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் ஒரு மனிதரின் உழைப்பு கண்ணெதிரே காணாமல் போகிறது. எங்கள் ஆட்கள் அந்தக் காணொளிகளுக்குக் கீழே போய்ப் பணிவாக ஒரு வரி எழுதிவிட்டு வருவார்கள். சிலர் திருத்துவார்கள், பலர் திருத்த மாட்டார்கள். மறுநாளும் எழுதுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966-ல் வந்த 'மறக்க முடியுமா' படத்தில் பி. சுசீலா பாடிய 'காகித ஓடம்' பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. எழுதியவர் கலைஞர் என்பதும் பலருக்குத் தெரியும். இசை டி.கே. ராமமூர்த்தி, தனியாக. அதைச் சொன்னால் இன்றும் பலர் 'அப்படியா!' என்கிறார்கள். எனக்கும் குழுவில்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அந்தப் பாட்டை நாலைந்து முறை கேட்டேன். பாட்டு அதேதான், ஆனால் இந்த முறை பாட்டுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது.

குழுவில் சண்டை வராதா என்று கேட்கலாம். வரும். அநேகமாக எல்லாச் சண்டையும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: மெட்டு யாருடையது, வாத்தியக் கோப்பு யாருடையது? ராமமூர்த்தி வயலின் வித்வான், எம்.எஸ்.வி.யைவிட ஆறு வயது மூத்தவர். விஸ்வநாதனுக்கு ஆர்மோனியமும் குரலும். அதை வைத்து ஆளாளுக்கு ஒரு கோடு கிழித்துப் பாட்டைப் பங்கு போடப் பார்ப்பார்கள். நானும் ஒருமுறை அப்படி வாதாடி, கோபத்தில் ஒரு மாதம் குழுப் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது யோசித்தால், ஒரே அறையில் பதின்மூன்று வருடம் உட்கார்ந்து வேலை செய்தவர்களை வெளியே இருந்து நாம் எப்படிப் பிரிக்க முடியும்? ஒருவர் முணுமுணுத்ததை மற்றவர் வாசித்திருப்பார், அவர் வாசித்ததைக் கேட்டு இவர் மெட்டை மாற்றியிருப்பார். பங்கு கேட்பதே தப்பு என்பது இன்று என் எண்ணம். ஏன் பிரிந்தார்கள் என்ற பேச்சுக்கும் எங்கள் அட்மின் இடம் கொடுப்பதில்லை. 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்களே, நமக்கு அது போதும் என்பார்.

சரி, அன்றாடம் என்ன நடக்கும்? பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். அதனால் படத்தில் இருக்கும் ஒரு சரணம் தட்டில் இல்லாமல் போயிருக்கும், இல்லை இடையிசை குறைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எங்கே வெட்டியிருக்கிறது என்று விநாடிக் கணக்கோடு எழுதுவோம். வாத்தியக்காரர்களின் பெயர்களைச் சேகரிப்பது இன்னொரு வேலை. அக்கார்டியன் என்றால் மங்களமூர்த்தி, ஷெனாய் என்றால் சத்யம் என்று சிலரைச் சட்டென்று சொல்லிவிடலாம். பின்வரிசையில் வாசித்தவர்களில் எத்தனையோ பேரின் பெயர் எங்குமே அச்சாகவில்லை. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே எடுத்திருப்பார்கள். டி.எம்.எஸ். பாடுவார், எம்.எஸ்.வி. கை அசைத்து நடத்துவார், வாத்தியக்காரர்கள் முகம் தெரிய உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியை அங்கங்கே நிறுத்தி, ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கி 'இவரைத் தெரியுமா?' என்று கேட்டு ஒரு தொடரே போட்டிருக்கிறோம். ஒருநாள் ஒரு பெண் வந்து, 'இவர் என் தாத்தா மாதிரி இருக்கிறது, அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுதினார். அன்று இரவு குழுவில் யாருக்கும் தூக்கம் இல்லை. காலையில் 'ஆமாம்' என்று ஒற்றை வார்த்தை வந்தது.

2013 ஏப்ரல் 17 அன்று ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14 அன்று எம்.எஸ்.வி. இரண்டு நாளும் குழுவில் யாரும் நீளமாக எழுதவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது முறை, பாட்டுக்குக் கீழே எல்லோரும் இரண்டு பெயரையும் கோட்டோடு எழுதியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை.

இப்போது எனக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை இரவுதான். ஒன்பது மணிக்கு ஒரு பாட்டை அறிவிப்பார்கள். அட்மின் மூன்று, இரண்டு, ஒன்று என்று எழுதுவார். அவரவர் இருக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். ஓடும்போதே எழுதுவோம்: 'இதோ பாங்கோஸ்', 'இந்த இடத்தில் ஒரு நொடி மௌனம், கவனியுங்கள்', 'கோரஸ்!'. முப்பது நாற்பது பேர் காதில் இயர்போனோடு ஒரே விநாடியில் இருப்போம்.

எனக்கு அந்தக் கோட்டைக் காட்டிய பெரியவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காது மந்தமாகிவிட்டது. வயதானால் முதலில் மேல் ஸ்தாயிதான் போகும் என்பார்கள், அவருக்கும் அப்படித்தான். குரல் ஓரளவு கேட்கிறது, தாளம் கேட்கிறது, வயலின் மேலே ஏறினால் கேட்பதில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. பாட்டு தலைகீழாகத் தெரியும் என்பதால், அந்த இடம் நெருங்கும்போது சரியாகக் கேட்பார்:

'தம்பி, வயலின் வந்துவிட்டதா?'

'வந்துவிட்டது ஐயா' என்று எழுதுவேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள்.